சுங்குவார்சத்திரத்தில் மூன்று முறை முதல் பாடம்

ரயிலை விட்டு இறங்கினால் பத்து நிமிட நடையில் வீடு என்று யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்து என் கணவர் எனக்கு உறுதி கொடுத்திருந்தார். ஸ்ரீபெரும்புதூரில் ரயில் நிலையமே கிடையாது என்பது சென்னைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. வரைபடத்தில் ஏதோ ஒரு கறுப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு அதைத் தண்டவாளம் என்று நம்பியிருக்கிறார். விசாரித்தால் அது மின்கம்பி போகும் பாதையாம். "பரவாயில்லை ராணி, கரண்டாவது இருக்குமெல்லோ" என்றார். இப்படிப்பட்ட மனிதரோடுதான் முப்பத்து நாலு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

அவர் பெயர் ஞானரட்ணம். வயது அறுபத்து மூன்று. யாழ்ப்பாணத்தில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நானும் ஆசிரியைதான், நானும் ஓய்வு பெற்றவள்தான், ஆனால் நான் அந்த ஓய்வை உண்மையாகவே எடுக்க நினைத்தவள். எங்கள் சபை எங்கள் இருவரையும் மிஷன் ஊழியத்துக்கு அனுப்பியிருந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளில் வேலை செய்யும் பெண்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்றுக் கொடுக்க வேண்டும். வகுப்பு நடக்கும் இடம் சுங்குவார்சத்திரத்தில் சபைக்குச் சொந்தமான ஒரு சின்ன ஹால். நாங்கள் குடியிருக்க ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மாடி வீடு.

ஒரு காலத்தில் எங்கள் ஊருக்குக் கப்பலில் வந்து பள்ளிக்கூடம் கட்டியவர்கள் வெள்ளைக்காரர்கள். அவர்களைப் படுத்தி எடுத்தவை நுளம்பும் வயிற்றோட்டமும் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். இப்போது நாங்கள் மிஷனரிகள். எங்களையும் படுத்தியவை அதே இரண்டும்தான். நுளம்பை இங்கே கொசு என்கிறார்கள், கடி ஒன்றுதான்.

பயணத்துக்கு முன் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். என் கணவர் இருபத்தெட்டு வயதிலேயே வெளிநாட்டு ஊழியத்துக்குத் தேர்வானவர். அந்த வருடம் எங்களுக்குக் கல்யாணம். அடுத்த வருடம் போகலாம் என்றேன். பிறகு பிள்ளைகள், பிறகு நாட்டில் சண்டை, இடப்பெயர்வு, அவருடைய அம்மாவின் படுக்கை. ஒவ்வொரு முறையும் "அடுத்த வருடம்" என்று சொன்னது நான். அவர் ஒரு முறைகூட முகத்தைச் சுளித்ததில்லை. அறுபத்தைந்துக்கு மேல் யாரையும் அனுப்புவதில்லை என்று சபை சொன்னபோதுதான், "ராணி, இதுதான் கடைசி" என்றார்.

என் பக்கத்து நியாயமும் உண்டு. நான்கு முறை மூட்டை கட்டிக்கொண்டு வீட்டை விட்டு ஓடியவள் நான். திரும்பி வந்து, ஒவ்வொரு அறையாகக் கட்டி, போன வருடம்தான் கடைசி அறைக்குக் கூரை போட்டோம். இனி எந்த ஊருக்கும் மூட்டை கட்டுவதில்லை என்று அந்தக் கூரையின் கீழ் நின்று சொன்னவள் நான். அதனால் பேரம் பேசினேன். நான்கு வாரம் வருகிறேன், சரிப்பட்டு வந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் வாய் பேசாமல் என்னோடு திரும்ப வேண்டும். மிஷன் செயலாளர் எட்வினும் சென்னையில் அதே கணக்கைத்தான் சொன்னார். "நாலு வாரம் நடத்துங்க ஐயா. பத்துப் பேராவது தொடர்ந்து வர்றாங்கன்னு அட்டெண்டன்ஸ்ல தெரிஞ்சா ஒரு வருஷத்துக்கு உறுதி. இல்லைன்னா ஹாலை தையல் கிளாஸுக்குக் கேக்கறாங்க."

எங்கள் ஊரில் இடாப்பு என்று சொல்கிற அந்த அட்டெண்டன்ஸ் புத்தகம் என் கையில் தரப்பட்டது. முப்பத்தொரு வருடம் இடாப்பு எழுதியவள் என்பதால்.

முதல் நாள் காலை தேநீர்க் கடையில் பால் இல்லாத தேநீர் கேட்டார் என் கணவர். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்து, "வவுறு சரியில்லையா சார்?" என்றார். இங்கே பாலில்லாத தேநீர் மருந்துக்கணக்கு. பக்கத்தில் வடக்கத்திப் பையன் ஒருவன் செல்பேசியில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான். என்ன சொல்கிறான் என்று கடைக்காரரைக் கேட்டேன். "சாப்ட்டேன், சோறு, பருப்பு, மீனு எல்லாம் சாப்ட்டேன்னு அவங்கம்மா கிட்ட சொல்லிக்கினு கீறான்" என்றார். பையன் கையில் ஒரு பன் மட்டும் இருந்தது. தெருவின் மறுபக்கம் கொரிய எழுத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பலகை. என் கணவர் அதைப் பார்த்து ஆனந்தப்பட்டார். வெளிநாட்டுக்குள் இன்னொரு வெளிநாடாம்.

மத்தியானம் ஹாலைப் பார்த்து, வாசலில் அறிவிப்பு ஒட்டி வரலாம் என்று புறப்பட்டோம். அன்று சனிக்கிழமை. நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் நின்றிருப்போம், வெள்ளை வெளேரென்று ஒரு பஸ் வந்து கதவைத் திறந்தது. ஏறினோம். குளிரூட்டி ஓடுகிறது, இருக்கையெல்லாம் மெத்து மெத்தென்று இருக்கிறது, நடத்துநர் வந்து பயணச்சீட்டு கேட்கவே இல்லை. உள்ளே எல்லாரும் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு பாதித் தூக்கத்தில் இருந்தார்கள். "பார்த்தீரா ராணி, தமிழ்நாட்டிலை பஸ் இலவசம். எங்கடை ஆக்கள் எப்ப இப்பிடிச் செய்யிறது" என்றார் அவர். நானும் ஆமோதித்தேன். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பஸ் சுங்குவார்சத்திரத்தில் நிற்கவில்லை. கிளைச் சாலையில் திரும்பி, ஒரு பெரிய ஆலையின் வாசலில் போய்த்தான் நின்றது. எல்லாரும் அட்டையைக் காட்டி உள்ளே போனார்கள். எங்களிடம் காவலாளி அட்டை கேட்டார். என் கணவர் மேல்சட்டைக்குள் எப்போதும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கும் இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் எடுத்து நீட்டினார். ஓடிப் பழகியவர்களின் வழக்கம் அது. குளிக்கப் போனாலும் பாஸ்போர்ட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

காவலாளி அவற்றைப் புரட்டிப் பார்த்தார். "இன்னா சார் இது, பாஸ்போர்ட்ட காட்றீங்க? கம்பெனி பஸ்ல ஏறி வந்துட்டீங்களா? உக்காருங்க, உக்காருங்க. ரெண்டு மணிக்கு ஷிப்டு வுடும். அந்த பஸ்லயே அனுப்பி வுடறேன்."

எங்களோடு இறங்கிய பெண் ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு கிட்டே வந்தாள். இருபது, இருபத்தொன்று வயது இருக்கும். பெயர் முத்துலட்சுமி, ஊர் தென்காசிப் பக்கம். "எங்க போகணும் உங்களுக்கு?" என்றாள். அறிவிப்புத் தாளைக் காட்டினேன். ஆங்கில வகுப்பு, மாலை நாலு மணி, திங்கள் முதல் சனி வரை. அவள் முகம் மலர்ந்தது. "எங்க ஹாஸ்டலுக்குப் பக்கத்துலதான். திங்கக்கிழமை வாரேன் டீச்சர். கூட இருக்க பிள்ளைகளையும் கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லி ஒரு தாளை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

காவலாளி அறையில் தண்ணீர் குடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் இருந்தோம். இரண்டு மணிக்கு ஒரு கூட்டம் வாசலுக்கு உள்ளே போனது, இன்னொரு கூட்டம் வெளியே வந்தது. கண்ணுக்கு முன்னால் நடந்த காரியம். நாங்கள் இருவரும் படித்த ஆட்கள், ஆளுக்கொரு பட்டம் வேறு வைத்திருக்கிறோம். ஒன்றும் உறைக்கவில்லை.

திங்கட்கிழமை பதினாலு பிள்ளைகள் வந்தார்கள். என் கணவருக்குத் தரையில் கால் பாவவில்லை. நான் இலக்கணமும் எழுத்தும், அவர் பேச்சு. ஹாலின் சாவி கன்னியம்மாவிடம். பக்கத்துக் கிராமத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். கூட்டிப் பெருக்கித் தண்ணீர் வைப்பார். முதல் நாளே என்னை "இன்னா டீச்சரம்மா, நீ சாப்ட்டியா?" என்று ஒருமையில் விசாரித்தார். எங்கள் ஊரில் ஒருவரை நீ என்று சொல்ல இரண்டு தலைமுறை உறவு வேண்டும். எனக்கு மூக்கு விடைத்தது. நாலு நாள் கழித்து அவர் தன் வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து தந்தார். மூக்கு தானாக இறங்கிவிட்டது.

முதல் வாரம் ஐந்து பாடம் முடித்தேன், சனிக்கிழமை படித்ததையெல்லாம் மீட்டல். வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு தடங்கல். முத்துலட்சுமி என் பாடத்தின் நடுவே வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். மேசையில் அடிமட்டத்தால், இங்கே அதை ஸ்கேல் என்கிறார்கள், ஒரு அடி. துள்ளி எழுந்தாள். "நித்திரை கொள்ள வாற ஆக்கள் நாளைக்கு வரத் தேவையில்லை" என்றேன். முப்பத்தொரு வருடப் பழக்கம், வாயிலிருந்து தானாக வந்தது. அவள் மன்னிப்புக் கேட்டாள். சனிக்கிழமையும் வந்து முன்வரிசையில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சரி, திருந்திவிட்டாள் என்று நினைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை ஒருத்தியும் வரவில்லை. அதாவது, வந்தார்கள், பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஒரு முகமும் பழைய முகம் இல்லை.

இடாப்பில் புதிதாகப் பன்னிரண்டு பெயர் எழுதினேன். பதினாலு பேரும் ஒரேயடியாக நின்றுவிட்டார்களென்றால் காரணம் வேறு யார்? அந்த அடிமட்டம்தான். வீட்டுக்குத் திரும்பும் வழியில், "உங்களுக்கு என்னை ஏச வேணும் எண்டால் ஏசுங்கோ" என்றேன். "எனக்குப் பசிக்குது ராணி" என்றார். ஸ்ரீபெரும்புதூரில் இறங்கிக் குஸ்கா சாப்பிட்டோம். பிரியாணியில் இறைச்சியை எடுத்துவிட்டால் அதற்குக் குஸ்கா என்று பெயர். அன்றைய எங்கள் நிலைமைக்கு அது போதும்.

கன்னியம்மாவிடம் விசாரித்தேன். பழைய பிள்ளைகள் எங்கே போய்விட்டார்கள் என்று. தரையைத் துடைத்துக்கொண்டே, "வருவாங்க, எங்க போவப் போறாங்க" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

புதியவர்களுக்கு மறுபடி முதல் பாடத்திலிருந்து தொடங்கினேன். இந்த முறை அடிமட்டத்தைப் பையிலேயே வைத்துவிட்டுச் சிரித்த முகமாகப் பாடம் நடத்தினேன். என்ன அதிசயம், கேள்வி கேட்டால் பதில் டக்கென்று வந்தது. முதல் வாரத்துப் பிள்ளைகள் மூன்று நாள் திணறிய இடத்தை இவர்கள் ஒரு நாளில் தாண்டினார்கள். "பாருங்கோ, சிரிச்சுப் படிப்பிச்சால் எப்பிடி ஏறுது எண்டு" என்று அன்று மாலை அவரிடம் பீற்றிக்கொண்டேன். என் முறை மெருகேறிவிட்டதாக மானிப்பாயில் இருக்கும் தங்கைக்குத் தொலைபேசியில் வேறு சொன்னேன்.

மூன்றாவது திங்கட்கிழமை அந்தப் பன்னிரண்டு பேரையும் காணவில்லை. வேறு பதின்மூன்று பேர்.

இந்த முறை நான் கலங்கவும் இல்லை, ஆத்திரப்படவும் இல்லை. உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி எட்டிப் பார்த்தது, அதை மறைக்க விரும்பவில்லை. யாரும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்காத வகுப்பு. பத்துப் பேர் தொடர்ந்து வந்ததாக எந்த இடாப்பும் சொல்லப் போவதில்லை. இன்னும் இரண்டு வாரம், பிறகு என் வீடு, என் கூரை, முற்றத்தில் சாய்ந்து படுக்க ஒரு சாய்மனைக் கதிரை. முதல் பாடத்தை மூன்றாம் முறை நடத்தினேன். பதின்மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு அமைதியாகக் கேட்டார்கள், எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னார்கள். கற்பிப்பதில் நான் உச்சத்தை எட்டிவிட்டேன் என்று நினைத்தேன்.

அவர்தான் வாடிப்போனார். பகிடி சொல்லிச் சிரிக்க வைப்பதை நிறுத்தினார். ஒரு நாள் மாலை நிறுத்தத்தில் நின்று கம்பெனி பஸ்களை எண்ணிக்கொண்டிருந்தார், ஏன் என்று கேட்டால் சும்மா என்றார். ஞாயிற்றுக்கிழமை ஒரு வண்டியில் சூடாகப் போட்டுக்கொண்டிருந்த மிளகாய் பஜ்ஜியை வாங்கி, கவலையோடு கவலையாக ஏழு தின்றார். வண்டிக்காரரின் குற்றமில்லை. எண்ணெயும் நல்ல எண்ணெய்தான், நானும் இரண்டு தின்றேன். ஏழு என்பதுதான் குற்றம். அன்று மாலையே படுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை வரை படியிறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதனால் நான்காவது திங்கட்கிழமை நான் தனியாகத்தான் போனேன். ஹாலுக்குள் நுழைந்தால் முன்வரிசையில் முத்துலட்சுமி. அவளுக்குப் பின்னால் முதல் வாரத்துப் பதினாலு பேரும், ஒருத்தி குறையாமல்.

"வழி தெரிஞ்சுதோ இப்பதான்?" என்றேன். "ரெண்டு வாரமா எங்கை போனியள்?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேள்வியே அவர்களுக்குப் புரியவில்லை. முத்துலட்சுமிதான் எழுந்தாள். "ஷிப்ட்டு டீச்சர். அன்னைக்கு காலை ஷிப்ட்டு. அதுக்கடுத்த வாரம் நைட்டு. போன வாரம் மத்தியானம். இப்ப மறுபடி காலை ஷிப்ட்டு வந்திருக்கு. காலை ஷிப்ட்டுலதான நாலு மணிக்கு இங்க வர முடியும்."

"எல்லாருக்கும் அப்பிடியோ?"

"எல்லாருக்கும் அப்படித்தான். மூணு ஷிப்ட்டும் வாராவாரம் மாறும்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்படியென்றால் மற்ற இருபத்தைந்து பேரும் நின்றுவிட்டவர்கள் இல்லை. முறைக்காகக் காத்திருப்பவர்கள். ஒரு பிள்ளை ஜனவரியில் உட்கார்ந்த மர வாங்கிலேயே டிசம்பர் வரை உட்கார்ந்திருக்கும் பள்ளிக்கூடம்தான் எனக்குத் தெரியும். வராத பிள்ளை என்றால் காய்ச்சல், இல்லையென்றால் கள்ளம். வாரம் என்பது இந்த ஊரில் வேறு பொருள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று இங்கே யாருக்கும் தோன்றவும் இல்லை.

"அப்ப அண்டைக்கு நீ நித்திரை கொண்டது?"

"காலை ஷிப்ட்டுக்கு மூணரைக்கு எந்திக்கணும் டீச்சர். நாலரைக்கு பஸ்ஸு." அவள் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. எனக்குத்தான் முகம் எரிந்தது.

"இன்னொண்ணு சொல்லணும் டீச்சர், கோவப்படாதீங்க" என்றாள். "அடுத்த வாரம் வாற பிள்ளைகளுக்கு ஆறாவது பாடத்துல இருந்து எடுங்க. மொத அஞ்சும் நாங்க சொல்லிக் குடுத்தாச்சு. ஞாயித்துக்கிழமை மூணு ஷிப்ட்டுக்கும் லீவுலா, ஹாஸ்டல் மொட்டமாடில துணி காயப்போட்டுட்டு உக்காந்து படிச்சோம். அவளுக நோட்டுல எழுதியே வச்சிருக்காளுக."

என் மெருகேறிய கற்பித்தல் முறை அங்கேயே உயிரை விட்டது.

"அப்ப அவையள் ஏன் எனக்குச் சொல்லேல்லை, தெரியும் எண்டு?"

"நீங்க அவ்வளவு ஆசையா சொல்லித் தந்தீங்களாம். தெரியும்னு சொன்னா உங்க மனசு சங்கடப்படும்லா?"

அன்று ஆறாவது பாடம் நடத்தினேன், எப்படி நடத்தினேன் என்று ஞாபகம் இல்லை. பிள்ளைகள் போன பிறகு கன்னியம்மாவிடம் சொன்னேன். அவர் துடைப்பத்தை நிறுத்தவில்லை. "ஆமா, ஷிப்டு மாறினா எப்டி வருவாங்க? எம் புள்ளயே ஒரு வாரம் பகல்ல தூங்கும், ஒரு வாரம் ராவுல தூங்கும். வூட்ல எப்ப சோறு வடிக்கறதுன்னே எனக்குத் தெரியாது. இது உனக்குத் தெரியாதா டீச்சரம்மா?"

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"வருவாங்கன்னு சொன்னேனே."

சொன்னார்தான்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இதை அவரிடம் எப்படிச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன். படியேறும்போது யோசனை மாறிவிட்டது. சொன்னால் ஒரு வருடம். சொல்லாவிட்டால் ஐந்து நாள். சனிக்கிழமை எட்வின் வந்து இடாப்பைப் பார்ப்பார், யாரும் பாதி நாள்கூட வராத கணக்கு அதில் தெளிவாக இருக்கிறது. அதில் நான் ஒரு பொய்யும் எழுதவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டும்தான் என் வேலை.

"எத்தினை பேர் வந்தவை?" என்று படுக்கையிலிருந்து கேட்டார்.

"பதினாலு."

"வேறை ஆக்களோ?"

"கஞ்சி ஆறுது. குடியுங்கோ" என்றேன்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அதே கேள்வி, அதே கஞ்சி. வியாழக்கிழமை அவர் கேட்பதை விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை நான் வகுப்பு முடித்து வந்தபோது கட்டிலில் உட்கார்ந்து எட்வினுக்குக் கடிதம் எழுதி முடித்திருந்தார். வாய்ப்புக் கொடுத்ததற்கு நன்றி, எங்களால் வகுப்பை நிலைநிறுத்த முடியவில்லை, பொறுப்பு முழுவதும் என்னுடையது, என் மனைவி தன்னால் இயன்றதற்கு மேலும் செய்தார். அந்தக் கடைசி வரியை எனக்கு வாசித்துக் காட்டினார். பிறகு என் சேலைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைக்கத் தொடங்கினார். தன் உடுப்பை அல்ல, என்னுடையதை. "நாலு வாரம் எண்டால் நாலு வாரம்தான் ராணி. நீர் வந்ததே பெரிய காரியம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? முப்பத்து நாலு வருடம் இந்த மனிதர் இப்படியே இருந்துதான் என்னைத் தோற்கடித்திருக்கிறார். அப்போதும் நான் சொல்லவில்லை. பெட்டியில் இடம் பார்த்து ஒரு சேலையை நானும் மடித்து வைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் எட்வின் மோட்டார் சைக்கிளில் வந்தார், வியர்த்து விறுவிறுத்து. நல்ல மனிதர். பிள்ளைகள் வேலை முடித்து வர நாலு மணியாகும் என்பதால் ஹாலில் நாங்கள் மூவரும்தான். கன்னியம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தார், என் கணவருக்கு மட்டும் பாலில்லாமல். எட்வின் இடாப்பைப் புரட்டினார். முன்னும் பின்னும் இரண்டு தடவை பார்த்தார்.

"முப்பத்தொம்பது பேர் வந்திருக்காங்க. ஆனா ஆறு நாள்ல நின்னுடறாங்க. கடைசி வாரம் கொஞ்சப் பேர் திரும்ப வந்திருக்காங்க போல. தொடர்ச்சி இல்லையே ஐயா."

"ஓம்" என்று சொல்லி என் கணவர் கடிதத்தைக் கொடுத்தார். எட்வின் வாசித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. உங்க வயசுல இவ்வளவு தூரம் வந்து..." என்றார். என் கணவர் தலையை ஆட்டினார். முகத்தில் அதே சிரிப்பு, ஒவ்வொரு "அடுத்த வருட"த்துக்கும் எனக்குக் காட்டிய சிரிப்பு. எனக்கு அதற்கு மேல் முடியவில்லை.

"இடாப்பு பிழை" என்றேன்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதாவது, நான் எழுதின விதம் பிழை. ஒரு வகுப்பு எண்டு எழுதிப்போட்டன். இது மூண்டு வகுப்பு." இடாப்பை வாங்கி முதல் வாரத்தையும் நான்காம் வாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக் காட்டினேன். ஷிப்ட்டைச் சொன்னேன், மொட்டை மாடியைச் சொன்னேன். மூன்று முறை முதல் பாடம் நடத்தியதையும் சொன்னேன், என் மானம் போனால் போகட்டும் என்று. "ஒருத்தியும் விட்டிட்டுப் போகேல்லை. முப்பத்தொன்பது பேரும் வருகினம். வரக்கூடிய எல்லா நாளும் வந்திருக்கினம்."

எட்வின் நெற்றியில் தட்டிக்கொண்டார். "என் தம்பியே ஷிப்ட்டு வேலைதான் பாக்கறான். எனக்குத் தோணாமப் போச்சே. ஆனா அம்மா, அப்போ ஒரு நேரம் வச்சா பத்தாதே. மத்தியான ஷிப்ட்டுக்குப் போறவங்களுக்குக் காலையில, நைட் ஷிப்ட்டுக்குப் போறவங்களுக்கு அவங்க தூங்கி எழுந்தப்புறம் சாயங்காலம். ஒரு நாளைக்கு மூணு தடவை. யாரு எடுக்கறது?"

"நாங்கள் ரெண்டு பேரும் என்னத்துக்கு வந்தனாங்கள்?" என்றேன். "காலமை ஒன்பது மணி இவருக்கு. நாலு மணி எனக்கு. ஆறு மணிக்கு மாறி மாறி எடுக்கிறம். அந்தக் கடிதத்தை இஞ்சை தாங்கோ."

எட்வின் என் கணவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடிதம் என் கைக்கு வந்தது.

எட்வின் கன்னியம்மாவிடம் மூன்று நேரமும் ஹாலைத் திறந்துவிடுவது பற்றிப் பேசிவிட்டுப் புறப்பட்டார். அவர் போன பிறகு கன்னியம்மா குடத்தோடு குழாயடிக்குப் போனார். நானும் என் கணவரும் தம்ளர்களை எடுத்துக்கொண்டு ஹாலின் பின்பக்கம் போனோம். அவர் கழுவினார், நான் துடைத்தேன்.

"உமக்கு எப்ப தெரியும்?" என்றார்.

"திங்கட்கிழமை."

அவர் கை ஒரு நிமிடம் நின்றது. "இண்டைக்குச் சனி."

"ஓம்."

"அஞ்சு நாள்."

"ஓம். அஞ்சு நாள் சொல்லாமல் வைச்சிருந்தனான்" என்றேன். கோபப்படட்டும் என்று காத்திருந்தேன். கோபப்பட்டால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவர் தம்ளரைத் திருப்பித் திருப்பிக் கழுவினார். "நல்லதாப் போச்சு" என்றார். "எட்வின் முன்னாலை என்ரை முகத்தைப் பார்த்து, பாவம் எண்டு ஒரு வேகத்திலை சொல்லிப்போட்டீரோ எண்டு பயந்துபோனன். அஞ்சு நாள் யோசிச்சுத்தான் சொல்லியிருக்கிறீர்."

நான் யோசித்தது வேறு என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் அப்படிச் சொன்னார். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. துடைக்கும் துணியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அவர் மிச்சத் தம்ளர்களையும் தானே கழுவித் துடைத்து அடுக்கினார். பிறகு, "கெதியா முகத்தைக் கழுவும் ராணி, மூண்டே முக்காலாச்சு" என்றார். வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. அதிகாலை மூன்றரைக்கு எழுந்த பிள்ளைகள் வரத் தொடங்கிவிட்டார்கள்.